மழை நாளில் செத்த கம்ப்யூட்டர்

சாணார்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் எரிந்துபோனால் என் பட்டறைக்குத்தான் வரும். பொன்னழகு கட்டிய காயில் என்றால் பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நடந்த அத்தனைக்கும் அதுதான் மூலம்.

அது எண்பத்தெட்டாம் வருஷம். எங்கள் ஊர் மெயின் ரோட்டில், விவசாயிகளின் கிணறுகளை ஆழப்படுத்திக் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆபீஸ் இருந்தது. அவர்களுடைய மெட்ராஸ் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை இங்கே தள்ளிவிட்டார்கள். அதை இயக்கச் சின்னாளபட்டியிலிருந்து சண்முகவள்ளி என்று ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள். அப்பா இல்லை. அம்மாவும் இரண்டு தம்பிகளும் அவள் வேலையை நம்பித்தான் இருந்தார்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, கிணறு வேண்டிக் காத்திருக்கிறவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அந்தப் பெட்டிக்குள் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

மழை பொய்த்த காலம் அது. பகலில் கரண்ட் வந்துவிட்டால் போதும், சுற்றிலும் இருக்கிற பம்புசெட் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓடி வோல்டேஜை இறக்கிவிடும். ஆபீஸ் ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். கம்ப்யூட்டர் பாதியில் படுத்துக்கொள்ளும். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கித் தரும்படி மேனேஜர் அருள்நாதனுக்குச் சண்முகவள்ளி மூன்று தடவை எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆடி பிறந்த வாரத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணே, நாலு நாளா ஒரு பேரு கூட ஏத்த முடியல. மேனேஜரு மொகம் குடுத்தே பேச மாட்டேங்குறாரு. செத்த என்னன்னு பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் பின்பக்கம் போனாள்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றிருபது காட்டியது. பெட்டியின் முதுகில் சின்னதாக ஒரு சிவப்பு ஸ்விட்ச் கண்ணில் பட்டது. அதில் 230 என்று போட்டிருந்தது. மறுபக்கம் தள்ளினால் 115. இங்கிலீஷ் எனக்கு வராது, ஆனால் எண்ணுக்கு ஏது பாஷை? வோல்டேஜ் குறைந்தாலும் இழுக்கிற மாதிரி மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்துப் பேர் வாங்கியவன் நான். வெள்ளைக்காரன் அதே வித்தையை ஸ்விட்ச்சில் வைத்திருக்கிறான் என்று புரிந்துவிட்டது. ஸ்குரூ டிரைவர் நுனியால் 115க்குத் தள்ளினேன். கம்ப்யூட்டர் சமர்த்துப் பிள்ளையாக ஓட ஆரம்பித்தது.

சண்முகவள்ளி ஈரக் கையோடு ஓடி வந்தாள். "எங்கிட்டு இருந்துச்சுண்ணே கோளாறு?"

"பிளக்கு லூசாக் கெடந்துச்சு தாயி."

தொழில் சூட்சுமத்தை எவனாவது வெளியில் விடுவானா? வோல்டேஜ் ஏறினால் இதைத் திருப்பித் தள்ளிவிடு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், இவ்வளவுதானா விஷயம் என்று அவளே செய்துகொள்வாள், அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டாள். அந்த அற்ப புத்திதான். வோல்டேஜ் ஏறுகிற நாளில் நாமே வந்து மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளில் மறந்தும் போனேன்.

ஆபீஸ் நேரத்தில் பம்புசெட் ஓடாத பகலே அப்போது இல்லை. அதனால் மூன்று வாரம் அந்தக் கம்ப்யூட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எதிரில் பார்க்கும்போதெல்லாம் சண்முகவள்ளி என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

அப்புறம் மழை வந்தது.

பகல் இரண்டு மணிக்குப் பிடித்தது. ஊரே தெருவில் இறங்கி நனைந்தது. நானும் சட்டையைக் கழற்றிப் பட்டறைக்குள் எறிந்துவிட்டு நடு ரோட்டில் நின்றேன். தோட்டம் தோட்டமாக மோட்டாரை நிறுத்தினார்கள். வானமே கொட்டும்போது கிணற்றில் எவன் இறைப்பான்? வோல்டேஜ் ஏறி என் பட்டறை பல்பு பளீரென்று எரிந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேனே ஒழிய, இந்தப் பாவிக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் அருள்நாதன் ஆள் அனுப்பினார். சண்முகவள்ளி மேஜையோரம் நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"மழை பெஞ்சுக்கிட்டு இருக்கையில டப்புன்னு ஒரு சத்தம்ணே. அம்புட்டுதான். அதுக்கப்புறம் உசுரே இல்ல."

"மழையில வீட்டு ரேடியோவையே அணைச்சுப் போடுறோம். இதை ஓடவிட்டுட்டு உக்காந்திருக்கு" என்றார் அருள்நாதன்.

"இடியே இடிக்கல சார்."

"நீ பேசாத."

பிளக் பாயிண்டில் டெஸ்டரை வைத்தேன், கரண்ட் இருந்தது. ஒயரை மாற்றிப் போட்டேன், அசைவில்லை. நாலு ஸ்குரூவைக் கழற்றி மூடியை எடுத்ததும் கருகல் நெடி மூக்கில் அடித்தது. கரண்ட் வாங்குகிற டப்பாவில் ஃபியூஸ் கண்ணாடி கரிந்திருந்தது. கன்டென்சர் இரண்டும் வயிறு வெடித்துக் கிடந்தன. மழைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கவில்லை. ஏன் இப்படி ஆனது என்று டப்பாவைத் திருப்பினேன். சிவப்பு ஸ்விட்ச் 115ல் இருந்தது.

 சண்முகவள்ளி எதிர்ப்பக்கம் நின்று எனக்காக டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள். அருள்நாதன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். புத்தி யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. ஸ்குரூ டிரைவரால் ஒரு தள்ளு. 230 ஆகிவிட்டது.

"மழையில ஓடவிட்டதுனாலதானே?" என்று கேட்டார் அருள்நாதன்.

"இருக்கும் சார்" என்றேன்.

சண்முகவள்ளி டார்ச்சை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, தன் தப்புதான் போல என்று தலையைக் குனிந்துகொண்டாள். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து மெட்ராஸிலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்தார். உள்ளே இருந்த பெயர்களும் போய்விட்டன, எண்ணூறு விவசாயிகளின் பெயர். மழை நேரத்தில் அஜாக்கிரதையாக இயக்கியதால் வந்த சேதம் என்று எழுதிக் கொடுத்தார். மாதக் கடைசியோடு சண்முகவள்ளி வர வேண்டாம் என்று ஆபீசிலிருந்து கடிதம் போயிற்று.

எனக்குச் சோறு இறங்கவில்லை. "வெஞ்சனத்துல உப்புக் கொறச்சலா?" என்று கேட்டாள் என் மனைவி வீரலட்சுமி. இரண்டு நாள் மழுப்பினேன். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "பட்டறைக்குக் கெட்ட பேரு வந்தா வந்துட்டுப் போகுது. எந்திரிச்சுப் போயிச் சொல்லிட்டு வா" என்றாள்.

அந்தக் கையோடு ஆபீசுக்குப் போனேன்.

"சார், அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. நாந்தான் அந்தச் செவப்பு ஸ்விட்ச்ச நூத்திப்பதினஞ்சுல தள்ளி வச்சேன். மழைக்கு வோல்டேஜ் ஏறவும் வெடிச்சுப்போச்சு."

அருள்நாதன் ஃபைலை எடுத்துப் புரட்டினார். "ஸ்விட்ச் இருநூத்தி முப்பதுல, சரியாத்தான் இருந்துச்சுன்னு இன்ஜினியர் எழுதியிருக்காரேப்பா."

"ரிப்பேர் பாக்க வந்தன்னிக்கு நாந்தான் சார் திருப்பித் தள்ளுனேன்."

"நான் இங்கதானே நின்னேன். அந்தப் புள்ளையும் நின்னுச்சு. யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல சார். அதுக்காகத்தான் தள்ளுனேன்."

அவர் ஃபைலை மூடினார். சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

"மழையிலதான் போச்சுன்னு அன்னிக்கு நீதான சொன்ன? இன்னிக்கு அந்தப் புள்ளைக்காக வந்து பழியத் தூக்கிச் சொமக்குற. உனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கு பொன்னழகு. இம்புட்டுக் கரிசனம் எதுக்குன்னு நான் கேக்கல. போயி வேலையப் பாரு."

"சார், என் புள்ளைக மேல சத்தியமா..."

"போப்பா."

அவர் யாரிடம் சொன்னாரோ தெரியாது. மறுநாள் டீக்கடையில் நான் போய் நின்றதும் பேச்சு அடங்கியது. "என்ன பொன்னழகு, சின்னாளபட்டிப் பக்கம் ஏதும் மோட்டார் வேலை வந்துச்சா?" என்று ஒருவன் கேட்க, பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளருக்குள் சிரித்தார்கள். எரிந்த மோட்டாரை எத்தனையோ தடவை மீட்டிருக்கிறேன். இதை எந்த முனையில் பிடித்து அவிழ்ப்பது என்று தெரியவில்லை. மறுத்துப் பேசப் பேச அவர்களுக்குச் சந்தேகம் உறுதியானது.

அந்த வாரக் கடைசியில் சண்முகவள்ளியைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். மதுரையில் ஒரு கம்பெனியில் வேலை கேட்டிருந்தாளாம், அதற்கு நன்னடத்தைச் சான்று வாங்க வந்திருக்கிறாள். அருள்நாதன் மூன்று மணி நேரம் வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு, நடத்தையைப் பற்றித் தன்னால் ஒன்றும் எழுத முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்டாப்பில் நின்ற நாலைந்து பேரும் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் போனதே தப்பு. ஆனாலும் போனேன்.

"தாயி, நான் உண்மையத்தான் சொன்னேன். அந்த ஆளு நம்பல."

"எனக்குத் தெரியும்ணே. நீங்க ஸ்விட்ச்சத் தள்ளுனதாச் சொன்னத ஆபீசுல பேசிக்கிட்டாங்க. நீங்கதான் செஞ்சிருக்கீங்க." குரலை ஏற்றாமல் பேசினாள். "ஏண்ணே இப்பப் போயிச் சொன்னீங்க?"

"மனசு கேக்கல தாயி."

"இப்பக் கேட்டுருச்சா?"

 திண்டுக்கல் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தாள்.

"டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னேன்ல, அன்னிக்குச் சொல்லிருந்தா என் வேலை போயிருக்காது. கடைசி வரைக்கும் வாயத் தொறக்காம இருந்திருந்தா வேலை மட்டுந்தாண்ணே போயிருக்கும்."