மூன்றாவது புள்ளி

கணக்கு என்றாலே காத தூரம் ஓடுகிற றுவைஸ், அன்று பகல் சோற்றுக்குப் பிறகு தானாகவே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மனைவி பல்கீசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவளுக்கு அப்போதே ஒரு மாதிரியாகப் பட்டது.

விசயம் இதுதான். காலையில் றுவைசின் வலை கிழிந்து கிடந்தது. வெளிநாட்டுக்காரரை முருகைக்கல் என்கிற பவளப்பாறை பார்க்க ஏற்றிப்போகும் றிக்சனின் படகுதான் கிழித்தது என்று றுவைஸ் கிண்ணியா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான். "படகுப் பாதையை விட்டு நான் ஒரு முழம் விலகேல்ல" என்று றிக்சன் தலையிலடித்துச் சத்தியம் பண்ணினான். நாலு மணிக்குப் படகுச் சங்கக் கூட்டம். விலகினது உண்மையென்றால் றிக்சனுக்கு இந்த வருசம் படகு ஓட்ட அனுமதி இல்லை. அவனுக்கோ வேறு தொழில் தெரியாது. "என்ட பொஞ்சாதி கணக்கு ரீச்சர், கோடு கீறிக் காட்டுவா" என்று சங்கத் தலைவர் ஹஸ்மியிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்ததும் றுவைஸ்தான்.

பல்கீசுக்கு றிக்சன் மீது பெரிய நம்பிக்கை கிடையாது. ஆட்களை ஏற்றுகிறவன் அவசரத்தில் குறுக்கே விட்டிருப்பான். அவன்தான் என்று வந்துவிட்டால் நல்லது என்றுகூட நினைத்தாள். பிறகு அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

சங்கத்தில் ஒரு வழக்கம். வலை போடுகிறவன் வலையின் இரண்டு முனையிலும் கொடி நிற்கிற இடத்தைத் தன் கையாலேயே சங்கக் கொப்பியில் எழுத வேண்டும். வலை கிழிந்தால் கிழிந்த இடத்தையும் அன்றைக்கே எழுத வேண்டும். படகு கட்டுகிற ஜெற்றிதான் பூச்சியம். அங்கிருந்து கிழக்கே எத்தனை கட்டம், வடக்கே எத்தனை கட்டம். ஒரு கட்டம் நூறு மீற்றர். ஹஸ்மி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து போனில் அனுப்பியிருந்தார்.

பல்கீஸ் சதுர றூல் கொப்பியை விரித்தாள். கொடிகள் (2, 3), (10, 7). வடக்கே நாலு ஏற, கிழக்கே எட்டுப் போகிறது. படித்திறன் அரை. இரண்டில் பாதி ஒன்று, மூன்றிலிருந்து ஒன்று போக மிச்சம் இரண்டு. வலையின் கோடு y = ½x + 2.

படகுப் பாதை ஜெற்றியிலிருந்து (4, 12) வரைக்கும் நேரே போவது. y = 3x. இரண்டு கோடும் சந்திக்கிற இடம் முதலாவது கொடிக்கும் முன்னால், ஜெற்றிப் பக்கம். அங்கே வலையே இல்லை.

"பாத்தியா! பாதையில போனவனுக்கு வலை எப்பிடி மாட்டும்? அவன் விலகித்தான் வந்திரிக்கான்" என்று றுவைஸ் துள்ளினான்.

"பொறுங்க. கிழிஞ்ச இடத்தையும் பாப்பம்."

கிழிந்த இடம் (3, 9). வலையின் கோட்டில் மூன்றைப் போட்டாள். மூன்றரை வந்தது. ஒன்பது எங்கே, மூன்றரை எங்கே! அதே மூன்றைப் படகுப் பாதையின் கோட்டில் போட்டாள். மூன்று தர மூன்று ஒன்பது. அச்சொட்டாகப் பாதையின் மேலே விழுந்தது.

"வலையை எங்க போட்டனீங்க?"

"எழுதின இடத்திலதான். நீரோட்டம் இழுத்திரிக்கும்."

"ஐந்நூற்றைம்பது மீற்றரா? கொடி ரெண்டும் அசையாம நிண்டெண்டு நீங்கதானே காலையில சொன்னீங்க."

அவன் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினான். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மீன் கூட்டம் படகுப் பாதைப் பக்கம் திரும்பியிருக்கிறது. வலையைப் பாதைக்குக் குறுக்கே போட்டுவிட்டு, கொப்பியில் வழக்கமான இடத்தை எழுதியிருக்கிறான். கிழிந்த ஆத்திரத்தில் போன் வரைபடம் காட்டிய இடத்தை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டான். கடலில் எந்த இடமும் ஒன்றுதானே என்ற நினைப்பு.

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவனையா நம்பி இவ்வளவு காலம்?

றுவைஸ் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, அந்த ஒன்பதின் மேல் விரலை வைத்தான். "பல்கீஸ், ஒன்பதைக் கைமாறி எழுதிட்டன் எண்டு சொல்லுறன். இதில எந்த இலக்கத்தைப் போட்டா வலைக்கோட்டில விழும்?"

கலியாணம் கட்டிப் பதினாலு வருசத்தில் அவன் கேட்ட முதல் கணக்குக் கேள்வி அது. விடை அவளுக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு வகுப்பில் எந்தப் பிள்ளையையும் அவள் காக்க வைத்ததில்லை.

போன் அடித்தது. ஹஸ்மி.

"ரீச்சர், கணக்கு முடிஞ்சா? றிக்சன் வந்து நிக்கிறான். அனுமதியை நிப்பாட்டவா?"

ஓம் சொல்லச் சொல்லி றுவைஸ் தலையை ஆட்டி ஆட்டிக் கெஞ்சினான்.

"நிப்பாட்ட வேணாம் ஹஸ்மி நானா. றிக்சன் பாதையிலதான் போயிரிக்கார். வலைதான் எழுதின இடத்தில இல்ல."

"ஆர் சொன்னது, ரீச்சர்?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. மூண்டு புள்ளியும் என்ட புருசன்ட கையெழுத்து."