தலைவரின் திருகு

பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தில் மொத்தம் பதினோரு பேர். வண்டிகள் ஒன்பது. அவற்றில் ஓடுபவை நாலு. மற்ற ஐந்தும் ‘மீட்டெடுப்பில் இருக்கின்றன’ என்பார் தலைவர். வீட்டுப் பெண்கள் அந்த ஐந்தின் மேல் பழைய பெட்ஷீட்டைக் காயப்போடுவார்கள்.

தேர்வுத் துறையில் முப்பது வருஷம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் தலைவர். வினாத்தாளுக்கு முத்திரை வைத்த கை சும்மா இருக்குமா? சங்கத்துக்கு நாற்பத்திரண்டு விதிகள் எழுதிவிட்டார். பதினேழாவது விதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் விளக்கம் சொன்னார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து வண்டிகளில் ஆயில் தனி டேங்க்கில் இருக்கும். வண்டி சில நாள் சும்மா நின்றால், தேய்ந்த பம்ப் வழியாக ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து இன்ஜினின் அடிவயிற்றில் தேங்கிவிடும். பிறகு உதைத்துக் கிளப்பினால் தெருவெல்லாம் புகை, தரையெல்லாம் ஆயில். சரியான வைத்தியம், இன்ஜினைப் பிரித்துப் பம்ப்பைச் சீராக்குவது. குறுக்கு வழி, ஆயில் டியூபின் நடுவே, தண்ணீர்க் குழாயில் இருப்பதுபோல் ஒரு திருகு வைத்து, நிறுத்தும்போது மூடி, கிளப்பும்போது திறப்பது. திறக்க மறந்தால் இன்ஜினுக்கு ஒரு சொட்டு ஆயில் போகாது; கொஞ்ச நேரத்தில் கதை முடிந்துவிடும்.

திருகு வைக்கிறவன் வண்டிக்காரன் இல்லை, கொலைகாரன் என்று தலைவர் அன்று முழங்கினார். முதலில் கை தட்டியவர் செயலாளர். பல் டாக்டர். திருகு வைத்தால் சங்கத்தைவிட்டு நீக்கம் என்பது ஒருமனதாக நிறைவேறியது.

விதி வந்த எட்டாவது மாதம் தலைவரின் வண்டிக்கே வயிற்றுப்போக்கு வந்தது.

தலைவரின் வண்டி என்பதும் பேச்சுக்குத்தான். அது அவர் அண்ணன் வண்டி. அண்ணன் பதினொரு வருஷம் துண்டு துண்டாகச் சேர்த்துத் தன் கையாலேயே பூட்டிய இன்ஜின். அண்ணன் போன பிறகு அண்ணி அதை விற்காமல் கொழுந்தனிடம் கொடுத்தார். பதிலுக்குக் கேட்டது ஒன்றுதான்: வருஷத்துக்கு ஒரு தடவை தன்னைப் பின்னால் உட்கார வைத்து ஒரு சுற்று. அந்தச் சத்தத்தை ஒரு தடவை கேட்டால் போதும் என்றார். அந்தச் சுற்று நடப்பது சங்கத்தின் ஆண்டு அணிவகுப்பன்று.

அணிவகுப்புக்குப் பத்து நாள் இருக்கையில் மெக்கானிக் இன்ஜினுக்கு அடியில் தட்டு வைத்து ஆயிலை இறக்கினார். தட்டு வழிந்தது. பம்ப்பைப் பிரிக்கணும், சாமான் வர இரண்டு மாசம் ஆகும் என்றார். தலைவர் கடை வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தற்காலிகமாக ஏதாவது உண்டா என்று கேட்டார். மெக்கானிக் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஏழெட்டுப் பித்தளைத் திருகுகள் கிடந்தன. இப்படியும் வாங்குகிற ஆட்கள் ஊரில் இருக்கிறார்களே என்று தலைவருக்கு அருவருப்பாக இருந்தது.

“மறக்க மாட்டீங்களே சார்?”

“நானா?” என்றார் தலைவர்.

மறக்காமலிருக்க ஓர் ஏற்பாடும் செய்துகொண்டார். வண்டிச் சாவியைத் திருகின் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவது. சாவியை எடுக்கப்போகிற கை திருகைத் திறக்காமல் வராது. மேலே ஒரு தோல் பையைத் தொங்கவிட்டு மறைத்தும்விட்டார். தினமும் காலையில் ஒரு தடவை வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்; ஒன்பது நாள் காலையும் பிசகில்லை.

பத்தாம் நாள் அணிவகுப்பு அவர் வீட்டு வாசலிலிருந்தே புறப்பாடு. சாவி ஏன் அந்த இடத்தில் தொங்குகிறது என்று எவனாவது கேட்டுவைத்தால்? முந்தின நாள் மாலையே சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காலையில் மற்றவர்கள் வருவதற்குள் திறந்துவிடலாம் என்பது திட்டம். பல் டாக்டர் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, பேனரில் தலைவர் பெயர் சின்னதாகிவிட்டது என்று பேச்செடுத்தார். அதற்குப் பிறகு தலைவருக்கு வேறெதிலும் கவனம் போகவில்லை.

இரண்டாம் உதையில் வண்டி பிடித்தது. புகையே இல்லை. பராமரிப்பு என்றால் இதுதான் என்று தலைவர் கூட்டத்துக்கு ஐந்து நிமிஷம் சொற்பொழிவு செய்தார், இன்ஜின் ஓட ஓட. அண்ணி பின்னால் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

தெரு முனையில்தான் தலைவருக்கு உறைத்தது. திறந்தோமா? திருகைத் திருப்பியது விரலில் அப்படியே நினைவிருந்தது. ஆனால் ஒன்பது காலையும் திருப்பிய விரல் அது. எந்தக் காலையின் நினைவு என்று எப்படிச் சொல்வது? நிறுத்திக் குனிந்து பையை விலக்கினால் தெரிந்துவிடும். பின்னால் மூன்று வண்டிகளும், மற்ற உறுப்பினர்களை அடைத்துக்கொண்டு இரண்டு கார்களும் வந்துகொண்டிருந்தன. அடுத்த திருப்பத்தில் பார்க்கலாம் என்று நினைத்தார். திருப்பத்தில் நாலு பேர் கையசைத்தார்கள். அதற்கடுத்ததில் பார்க்கலாம் என்று தோன்றியது.

“தம்பி, சத்தம் மாறுதே.”

“சூடாகுது அண்ணி. அவ்வளவுதான்.”

“உங்க அண்ணனா இருந்தா நிறுத்தியிருப்பார்.”

அவருக்கும் கேட்டது. தடதடப்புக்கு அடியில் மெல்லிசாக ஓர் இழுப்பு, தொண்டை வறண்டவன் மூச்சு மாதிரி. இன்னும் ஐம்பது அடியில் ஒரு மரம், அங்கே நிழலில் நிறுத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார். மரம் வருவதற்கு முன்பே பின்சக்கரம் கவ்விக்கொண்டு இழுபட்டது. கிளட்சைப் பிடித்ததால் இருவரும் விழவில்லை. அவ்வளவுதான் மிச்சம்.

தலைவர் இறங்கி, எல்லார் முன்னாலும் மண்டியிட்டுப் பையை விலக்கினார். திருகு குறுக்காக நின்றது. மூடியபடி.

பல் டாக்டர் பக்கத்தில் குனிந்து, காதோடு கேட்டார். “சுவிட்ச் வைக்கலையா தலைவரே?”

“என்ன சுவிட்ச்?”

“அது இருந்தா, திருகு மூடியிருக்கும்போது வண்டி கிளம்பவே கிளம்பாது. என் பழைய டிரில் மெஷின்ல இருந்து கழட்டினது. எங்க மூணு வண்டிக்கும் நான்தான் மாட்டினேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்.”

“உங்ககிட்டயா?” என்றார் பல் டாக்டர். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே திகைத்துப்போய்க் கேட்டார்.

அண்ணி இன்ஜினைத் தொட்டுப் பார்த்து, சுட்டதும் விரலை எடுத்துக்கொண்டார். திரும்ப ஓடுமா என்று கேட்டார். தலைவர் கிக்கரில் காலை வைத்து அழுத்தினார். பாறையை மிதித்த மாதிரி இருந்தது.

“தெரியலை அண்ணி,” என்றார். பிறகு, “தெரு முனையிலேயே எனக்குச் சந்தேகம். நிறுத்தலை” என்றார்.

அண்ணி ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியின் சீட்டில் வைத்துவிட்டு, வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். பல் டாக்டர் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னதற்கு நிற்கவில்லை. தலைவர் வண்டியை நியூட்ரலில் போட்டுத் திருப்பி, தள்ளிக்கொண்டே பின்னால் போனார். எட்டிப் பிடிக்க முடியாத கனம். அண்ணிக்குப் பின்னால் வீடு வரைக்கும் கேட்டது சங்கிலியின் கிறீச்சு மட்டும்தான்.