மாமாவும் மச்சினனும் த்ரெட் எண்ணிய கதை

பல் மருத்துவமனைகளிலிருந்து வரும் எக்ஸ்ரே படங்களைச் சுருக்கி, மருத்துவர்களின் கணினிக்கு அனுப்பிவைக்கும் மென்பொருள் அது. எழுதியவர்கள் இருவர்: அக்காவின் கணவரும் அக்காவின் தம்பியும். அவர்கள் எழுதியதைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது அக்காவின் உத்தியோகம். வீட்டிலும் அதே வேலைதான் என்று மாமா சொல்வதுண்டு, அக்கா பக்கத்தில் இல்லாதபோது.

சண்டை த்ரெட்டில் தொடங்கியது. த்ரெட் என்றால் மென்பொருளுக்குள் வேலை பார்க்கும் ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். படம் ஒன்றுக்குப் புதிதாக ஒரு த்ரெட், படம் கூடினால் த்ரெட்டும் கூடட்டும் என்றார் தாராளமான மாமா. எட்டே எட்டு போதும், மீதிப் படங்கள் வரிசையில் நிற்கட்டும் என்றான் கறாரான தம்பி. இரண்டு நாள் பேச்சில்லை. பக்கத்து நாற்காலிக்குச் சேதி அக்கா வழியாகத்தான் போனது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். மாமாவுடையது முதலில் பறந்தது. மூவாயிரம் படங்களை ஒரேயடியாக அனுப்பியதும் மூவாயிரம் த்ரெட் முளைத்து, நினைவகம் நிரம்பி, சர்வர் படுத்துவிட்டது. தம்பி சிரிக்கவில்லை; சிரிக்காமலிருக்க அவன் பட்ட பாடு அறை முழுக்கத் தெரிந்தது.

அவனுடையது பத்து நிமிடம் சீராக ஓடியது. பிறகு ஒரு மருத்துவரின் கணினி பதில் சொல்லத் தாமதித்தது. அவருக்கான படங்களே அடுத்தடுத்து வந்ததால் எட்டு த்ரெட்டும் அந்தப் பதிலுக்காகக் காத்துக் கிடக்க, நொடியில் முடியவேண்டிய படங்கள் பின்னால் மலைபோல் குவிந்தன. மாமா எழுந்துபோய் மச்சினனுக்கு ஒரு டீ வாங்கிவந்து வைத்தார். திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

“ரெண்டு பேரும் எத்தனை த்ரெட்டுன்னுதான் எண்ணிட்டு இருக்கீங்க,” என்றாள் அக்கா. “அது என்ன வேலை செய்யுதுன்னு யாராவது பாத்தீங்களா?”

பார்த்தார்கள். படத்தைச் சுருக்குவது கணினிக்கு மூச்சுமுட்டும் வேலை. அனுப்புவதோ பெரும்பாலும் சும்மா காத்திருக்கும் வேலை.

“அப்ப ரெண்டையும் பிரிச்சிடலாம் மாமா,” என்றான் தம்பி மெதுவாக.

சுருக்க எட்டு, அனுப்ப நாற்பது. வரிசைக்கும் ஓர் எல்லை. நிரம்பினால், சற்றுப் பொறுத்து அனுப்புங்கள் என்று மருத்துவமனைக்குப் பதில் போகும். மறுநாள் மூவாயிரம் படங்களும் ஒன்றுவிடாமல் போய்ச்சேர்ந்தன.

எட்டு தன் யோசனை என்று மேலாளரிடம் தம்பி சொன்னான். நாற்பது தன்னுடையது என்றார் மாமா. மேலாளர் மகிழ்ந்துபோய் அடுத்த மென்பொருளையும் இவர்களிடமே கொடுத்தார். அக்கா அன்றே ஒரு வாரம் லீவு கேட்டு எழுதிவிட்டாள்.