கதவு விழ வேண்டும்

"இன்னும் கொஞ்சம் சாய்ங்கப்பா, முனை சுவத்துல இடிக்குது" என்றார் மாமா.

பெட்டி சந்தின் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. வேன் உள்ளே வராது என்று பெரியவன் முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் இராணுவ வேனை ஓட்டி வந்தவன் பாதித் தூரம் நுழைத்துப் பார்த்துவிட்டுத்தான் பின்னால் எடுத்தான். இப்போது ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெரியவன் தலைப்பக்கம் பிடித்திருந்தான். அது தலைப்பக்கம் என்பதே இறக்கும்போது ஒரு சிப்பாய் சொல்லித்தான் தெரிந்தது.

அவன் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறையில் தகடு பற்றவைக்கிறவன். கனத்தைக் கை சொல்லிவிடும். வெறும் மரப்பெட்டி இவ்வளவு கனக்காது. உள்ளே தகடு வைத்து, ஓரத்தை ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். இதில் தகடு எவ்வளவு, தம்பி எவ்வளவு என்று மனம் பிரித்துப் பார்க்கப் போனது. காலடியைப் பார்த்து நடந்தான்.

கூடத்தில் கட்டிலை ஒதுக்கிவிட்டு இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்கள். பெட்டியை அதன்மேல் வைத்ததும் அம்மா எழுந்து வந்தாள். மூடியின் மேல் கையை வைத்தாள்.

"திறங்க" என்றாள்.

கூட வந்த சிப்பாய்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "திறக்கக் கூடாதும்மா" என்றான் ஒருவன், மெதுவாக.

அம்மா பெரியவனைத் திரும்பிப் பார்த்தாள். "உனக்குத் திறக்கத் தெரியும்ல?"

"தெரியும்மா."

"அப்பத் திற."

"வேணாம்மா."

அவள் மறுபடி கேட்கவில்லை. மூடியில் ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். ஒரு பக்கம் துடைத்து முடித்ததும் அடுத்த பக்கம் போனாள்.

சிப்பாய்களுக்குப் பின்னால், வாசலை ஒட்டி, ஒல்லியாக ஒருவன் நின்றிருந்தான். வலது கையில் விரல் நுனிவரை கட்டு. வலது காதில் பஞ்சு. இவன்தான் தம்பியின் வண்டி டிரைவர் என்று பெரியவனுக்குப் புரிந்தது. சின்னவன் போனில் பேசும்போதெல்லாம் "எங்க டிரைவர்" என்றுதான் சொல்வான். "எங்க டிரைவர் தூங்கிக்கிட்டே ஓட்டுவான்ணே, முழிச்சா குழியில விட்டுருவான்." இருவரும் ஒரே வண்டியில் இருந்தவர்கள். ஒருவன் பெட்டியில் வந்திருக்கிறான், ஒருவன் நடந்து வந்திருக்கிறான்.

பெரியவனுக்கு அவனிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கண்ணிவெடியில் வண்டி எரிந்துபோனது என்று செய்தி வந்த நாளிலிருந்து சோறு தண்ணி போல அதுவும் கூடவே இருந்தது. கதவு திறந்ததா?

அந்த வண்டி வந்த புதிதில் சின்னவன் போனில் சிரித்தான். "அண்ணே, கதவு வெறும் தகரம்ணே. உங்க பட்டறையில கழிச்சுப் போடுவீங்களே, அதைவிட மெலிசு. இதுல உக்காந்துக்கிட்டுத்தான் தினமும் ரோட்டுல போயிட்டு வரோம்." நல்ல வண்டி கேட்டு எழுதியிருக்கிறார்கள், வரும் என்று சொன்னான். அப்புறம் அதைப் பற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டான். ஒருநாள் அவனே கேட்டான், "நாமளே தகடு வச்சு அடிச்சுக்கிட்டா என்னண்ணே?"

பெரியவன்தான் சொல்லிக்கொடுத்தான். சும்மா இரும்புத் தகடு ஆகாது. மண் அள்ளுகிற வண்டி எங்கேயாவது உடைந்து கிடந்தால் அதன் வாளித் தகட்டை அறுத்து எடு. அதுதான் தாங்கும். ஒரே இழுப்பில் பற்றவைக்காதே, தகடு நெளிந்துவிடும். கொஞ்சம் வை, ஆறவிடு, அப்புறம் வை. இப்படியே போனில் பல நாள். சின்னவன் படம் அனுப்பினான். பற்றவைப்பு கோணல்மாணலாக இருந்தது. "என்னடா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு" என்று இவன் திட்டினான். அவன் சிரித்தான்.

கீலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பட்டறையில் தகட்டு வேலை முடிந்தால் இவன் நகர்ந்துவிடுவான். கீல், கொக்கி, பிடி எல்லாம் கதவுக்காரரின் வேலை. அவர் வந்து கனம் பார்த்து, கீல் மாற்றி, தொங்கவிட்டுப் பார்ப்பார். இத்தனை வருஷத்தில் ஒரு கதவைக்கூட இவன் தொங்கவிட்டதில்லை. வாளித் தகட்டை ஏற்றிய கதவு, தகரத்துக்குப் போட்ட கீலில் எத்தனை நாள் நிற்கும் என்ற எண்ணம், சாவுச் செய்தி வந்த பிறகுதான் வந்தது.

டிரைவரிடம் போய் நின்றான். "சாப்பிட்டியா?" என்றான்.

டிரைவர் இடது காதைத் திருப்பினான். "சத்தமாச் சொல்லுங்கண்ணே. ஒரு காது போச்சு, இதுவும் பாதிதான்."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்!"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள். பெரியவன் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தான். அந்தக் கேள்வியை இந்த வீட்டில் கேட்க முடியாது.

அதிகாரி வந்தார். அவருடைய கார் சந்து முனையில் நின்றது. அவர் அம்மாவின் முன்னால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உங்கள் மகன் பெயர் நிற்கும் என்றார். அம்மா அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல வண்டிக்கு உத்தரவு போட்டாச்சு. வழியில இருக்கு" என்றார் மாமாவிடம்.

"எந்த வழியில சார்?"

"வந்துக்கிட்டிருக்கு."

"இல்ல சார், எங்க ஊரு பஸ்ஸு மாதிரி ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நின்னு வருதான்னு கேட்டேன்." மாமாவுக்குத் துக்கம் வந்தால் வாய் நிற்காது. அத்தை அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அதிகாரி கோபிக்கவில்லை. "உங்க வருத்தம் புரியுது" என்றார். களைத்துப்போன மனிதராகத்தான் தெரிந்தார்.

பெரியவன் வெளியே போய்விட்டான். சந்து முனையில் அந்தக் காரின் பக்கத்தில் நின்றான். கண்ணாடி இரண்டு விரல் தடிமன் இருக்கும். ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. குனிந்து கீலைப் பார்த்தான். முழங்கை மொத்தத்துக்கு இருந்தது. ஒன்றல்ல, மேலிருந்து கீழ்வரை. கதவை லேசாகத் தள்ளினான். அவ்வளவு கனத்துக்கும் அது எண்ணெயில் வைத்ததுபோல நகர்ந்தது.

"என்னய்யா பண்றே?" என்று அந்தக் காரின் ஓட்டுநர் ஓடிவந்தான்.

"கீல் பாக்கறேன்."

"போ, போ. தொடாதே."

"நல்ல வேலை" என்றான் பெரியவன். திரும்பி வீட்டுக்கு வந்தான்.

மயானத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வானத்தை நோக்கிச் சுட்டார்கள். ஒவ்வொரு வெடிக்கும் டிரைவரின் தோள் குலுங்கியது. பெரியவன் மண்ணை அள்ளிப் போட்டான். அழுகை வரவில்லை. வராததைப் பற்றியும் ஒன்றும் தோன்றவில்லை. கையில் மண் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். மற்றவர்கள் அம்மாவைத் தாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

டிரைவர் அவன் பக்கத்தில் வந்து நின்றான். "அண்ணே, காலையில கிளம்பணும். அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"நானும் கேக்கணும்" என்று சத்தமாகச் சொன்னான் பெரியவன். "வா."

சாவுக்காகப் பட்டறைக்கு முதலாளி லீவு விட்டிருந்தார். சாவி பெரியவனிடம் உண்டு. உள்ளே பாதி கட்டிய பஸ் ஒன்று, எலும்பும் தகடுமாக நின்றது. மேல் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழுந்தது. டிரைவரை ஸ்டூலில் உட்காரவைத்தான்.

"கதவு திறந்துச்சா?"

டிரைவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டான். காது கேட்கவில்லையோ என்று பெரியவன் மறுபடி வாயைத் திறந்தான். "கேட்டுச்சுண்ணே" என்றான் டிரைவர். "என் பக்கக் கதவு வெடியிலேயே பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நான் வெளிய விழுந்துட்டேன். அவன் பக்கம் திறக்கல."

"ஏன்?"

"தொங்கிப்போச்சுண்ணே. ரொம்ப நாளாவே அப்படித்தான். தோளக் குடுத்துத் தூக்கித்தான் திறப்போம், தூக்கித்தான் மூடுவோம். அவன் கிண்டல் பண்ணுவான், மாப்பிள்ளை மாதிரி இதையும் தாங்கணும்னு. அன்னிக்கு வெடிச்சதுல சட்டம் வேற முறுக்கிக்கிச்சு. நானும் வெளியிருந்து இழுத்தேன்." கட்டுப் போட்ட கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான். "சூடு."

"பேசினானா?"

"ம்."

"என்ன சொன்னான்?"

"கதவைத்தான் சொன்னான். தூக்கு, தூக்குன்னான். அப்புறம் சொல்லல."

பெரியவன் ஒரு தகட்டுத் துண்டைக் காலால் நகர்த்தினான். அது சிமெண்டுத் தரையில் கீறிக்கொண்டு போனது.

"அந்தத் தகடு இல்லேன்னா அதுக்கு முன்னாடியே நாங்க ரெண்டு பேரும் போயிருப்போம்ணே" என்றான் டிரைவர். "பாலத்துக்கிட்ட சுட்டாங்க. கதவுல பூரா அம்மை போட்ட மாதிரி. ஒண்ணுகூட உள்ள வரல. அவன் அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தான். லைன் கிடைக்கல."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நீ என்னமோ கேக்கணும்னியே?"

டிரைவர் தயங்கினான். "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கத்துல எல்லா வண்டிக்கும் இப்ப இதே மாதிரி அடிச்சுட்டாங்க. உங்க தம்பி அடிச்சதப் பாத்து, அவன் சொல்லிக்குடுத்து. நல்ல வண்டி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. பசங்க அதுலதான் போயிட்டு வராங்க. எல்லாக் கதவும் தொங்குது. தகட்டைக் கழட்டச் சொன்னா கழட்டமாட்டேங்கறாங்க. கீலுக்கு என்ன பண்றதுன்னு அண்ணன்கிட்ட கேட்டுட்டு வாடான்னு அனுப்பினாங்க."

பெரியவன் அவன் முகத்தைப் பார்த்தான். தாடி சரியாக முளைக்காத முகம். கன்னத்தில் பொடிப்பொடியாகக் கருப்பு, தோலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

எழுந்து போய் மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கழிவுக் குவியலில் ஒரு பழைய பஸ் கதவு கிடந்தது. அதை இழுத்து வந்தான். தடித்த தகடு ஒன்றை அதன்மேல் வைத்துப் பற்றவைத்தான். கொஞ்சம் வைத்தான், ஆறவிட்டான், அப்புறம் வைத்தான். பற்றவைக்கும்போது டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கதவுக்காரரின் பெட்டியிலிருந்து கீல்களை எடுத்தான். அவராக இருந்தால் அரை மணியில் தொங்கவிட்டிருப்பார், இவனுக்கு அது அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டினான்.

"பாரு" என்றான். "கீலு நிறையப் போடு, அது தொங்காம இருக்க. ஆனா கீலுக்குத் தனித்தனி ஆணி வேணாம். மேலேர்ந்து கீழவரைக்கும் ஒரே கம்பி. கம்பி தலையில வளையம். உள்பக்கமா."

"சரிண்ணே."

"ஓட்டை இறுக்கமா இருக்கக் கூடாது. பட்டறையில இப்படிச் செஞ்சா அடிப்பாங்க. தளர்வா, லொடலொடன்னு இருக்கணும். சட்டம் முறுக்கினாலும் கம்பி உருவ வரணும். கிரீஸ் வைக்கணும், தினமும். மறுபக்கம் வெறும் கொக்கி. கம்பிய உருவினா கதவு தன் கனத்துலேயே வெளிய விழுந்துரும். திறக்கவே வேணாம். விழுந்தாப் போதும்."

"விழுந்தாப் போதும்" என்று டிரைவர் திருப்பிச் சொன்னான்.

கதவைப் பஸ்ஸின் வாசலில் மாட்டினான். டிரைவரை உள்ளே ஒரு பெட்டியின்மேல் உட்காரவைத்தான். டிரைவர் இடது கையால் வளையத்தைப் பிடித்து இழுத்தான். பாதியில் சிக்கியது. பெரியவன் கம்பியை வெளியே எடுத்து, ஓட்டைகளை இன்னும் கொஞ்சம் குடைந்தான். மறுபடி மாட்டினான். இந்தத் தடவை கம்பி வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு வெளியே சாய்ந்து தரையில் மோதியது. பட்டறை முழுக்க அதிர்ந்தது. கூரையிலிருந்து புறா ஒன்று பறந்தது.

"விழுந்துருச்சுண்ணே!" என்று டிரைவர் சிரித்துவிட்டான். உடனே வாயை மூடிக்கொண்டான்.

"பரவாயில்ல" என்றான் பெரியவன்.

மாமாவிடமிருந்து போன் வந்தது. அம்மா கேட்கிறாள், எங்கே இருக்கிறாய் என்றார். "பட்டறையில." சாவு வீட்டு ஆளுக்குப் பட்டறையில் என்ன வேலை என்றார். "வரேன் மாமா" என்று வைத்துவிட்டான்.

கதவைத் தனியாகத் தூக்கி மாட்டினான். தோள் கொடுத்துத்தான் தூக்க முடிந்தது. கம்பியைச் செருகினான்.

"இன்னொரு தடவ, தம்பி. இப்பக் கண்ணை மூடிக்க. உள்ள புகைன்னு வச்சுக்க."

"மூடிட்டேண்ணே."

பெரியவன் வெளியே வந்து, விழும் கதவைப் பிடிக்கக் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. அதன் வழியாக உள்ளே ஒரு கை தெரிந்தது. விரல்கள் தகட்டைத் தடவிக்கொண்டே போயின. வளையத்தைத் தாண்டிக் கீழே போயின. வெளியிலிருந்து சொன்னாலும் அந்தக் காதுக்குக் கேட்காது. பெரியவன் கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டான். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தகட்டோரமாக மேலே வரத் தொடங்கியது.