ஐந்து பார்லிப் பொட்டலங்கள்

ஷாஹித் உச்சி வெயிலில்தான் ஓடுவான். அடுத்த மாதம் டிரையத்லான் போட்டி. நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடத் தொடங்கும்போது பொழுது உச்சிக்கு வந்திருக்கும், உடம்பு இப்பவே பழகட்டும் என்பான். சொன்னால் கேட்கிற ஆளில்லை. அதனால் அவன் மனைவி ஆப்ரின் ஐஸ் போட்ட பார்லித் தண்ணீரைப் பிளாஸ்டிக் பைகளில் பொட்டலம் கட்டி, காஹாங் ஊர்ச் செம்பனைத் தோட்டச் சாலையில் கிலோமீட்டருக்கு ஒன்றாக ஐந்து மரங்களில் தொங்கவிடுவாள். பிறகு மோட்டார் சைக்கிளில் போய் வெறும் பைகளைப் பொறுக்குவாள்.

அன்று முதல் பொட்டலம் குடிக்காமல் அப்படியே தொங்கியது. கண்ணில் படவில்லை போல என்று நினைத்தாள். இரண்டாவதும் முழுசாக இருந்தது. மூன்றாவதைப் பார்த்ததும், காலையில் சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருந்த தட்டு ஞாபகம் வந்தது. விடியுமுன் எழுந்து சாப்பிட்டிருக்கிறான்.

போன வாரம் அவள்தான் கத்தினாள். "ஓடணும்னு ரமலான்ல ரெண்டு நோன்ப விட்டீங்க. அதத் திருப்பிப் பிடிக்க மட்டும் உங்களுக்கு நேரமில்லலா."

நாலாவது மரத்தில் அவள் நிற்கவே இல்லை. ஐந்தாவதின் அடியில் அவன் கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது, மூச்சில்லை. பொட்டலத்தை எடுத்துக் கன்னத்தில் அழுத்திப் பிடித்திருந்தான். கட்டியிருந்த ரப்பர் அவிழவில்லை.

ஆப்ரின் பல்லால் கடித்துப் பையைக் கிழித்து அவன் வாயில் ஊற்றினாள். அத்தனையும் கடைவாயில் வழிந்து மண்ணுக்குப் போனது. நோன்பு முறியவில்லை.