ஒயர் ஆடவில்லை

என் அண்ணன் முப்பது வருடமாக என்மேல் ஒரே பழியைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். சின்ன வயதில் எங்கள் வீட்டு வீடியோ கேமில், பன்னிரண்டாவது சுரங்கத்தில் அவன் தோற்றதற்கெல்லாம் நான்தான் காரணமாம். டிவிக்குப் பின்னால் செருகும் ஒயர் லூஸ்; யாராவது பிடித்துக்கொண்டே நிற்காவிட்டால் படம் போய்விடும். அந்த யாராவது வேறு யார்? தங்கை என்று ஒருத்தி எதற்கு இருக்கிறாள்! மணிக்கணக்கில் சுவரைப் பார்த்தபடி நின்றேன். அவன் தோற்றால், நீ ஒயரை ஆட்டிவிட்டாய் என்பான். ஒரு நாள்கூட கன்ட்ரோலர் என் கைக்கு வரவில்லை. சொந்தக்காரர்கள் கூடும் இடத்திலெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஞாயிறு காலை அண்ணியிடமிருந்து போன். உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறானாம், பழைய கேம் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதாம், பல்கூடத் தேய்க்கவில்லையாம். போனேன். மேசையை அடைத்துக்கொண்டு நின்ற டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு ஆடிக்கொண்டிருந்தான். அந்த இசை தலைவலியாம். தொப்பிக்காரச் சுரங்கத் தொழிலாளி பன்னிரண்டாவது சுரங்கத்துக்குள் போனான். கைவிளக்கு அணைந்தது. திரை முழுக்க இருட்டு. குழியில் விழுந்தான். மறுபடியும் விழுந்தான். இது நாற்பதாவது தடவை என்றார் அண்ணி.

பிடிக்க ஒயரே இல்லை, இப்போது யாரைச் சொல்வான்? டிவி சரியில்லை என்றான்.

"என்கிட்ட குடு" என்றேன்.

"எந்தப் பட்டன் எதுக்குன்னாவது தெரியுமா உனக்கு?"

தெரியாதுதான். அந்தப் பெட்டியில் விட்ட இடத்திலிருந்தே தொடங்கலாம் என்பதால் சுரங்க வாசலில் ஆரம்பித்தேன். முதல் மூன்று தடவை என் கட்டைவிரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கட்டும். ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

நான் தண்ணீர் மோட்டார் மெக்கானிக். ஓடுகிற சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்லிவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டேன். தண்ணீர் சொட்டும் சத்தம் மூன்று, அப்புறம் அண்ணன் குழியில் விழும் சத்தம்: டிவிக்குப் பின்னால் நின்று எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன்! மூன்றாவது சொட்டில் தாவினேன். விழவில்லை. படபடவென்றால் வௌவால், குனிந்தேன். மறுபடி மூன்று சொட்டு, மறுபடி ஒரு தாவல். அண்ணனின் சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

திடீரென்று அதுவரை கேட்டேயிராத ஓர் இசை. கண்ணைத் திறந்தேன். திரையில் பொழுது விடிந்திருந்தது. சுரங்கத்துக்கு வெளியே நின்று தொழிலாளி தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டிருந்தான். நான் சோபாமேல் ஏறி நின்று கத்தினேன். நாற்பத்து மூன்று வயதாம், வெட்கமாவது ஒன்றாவது! அண்ணி கை தட்டினார்.

அண்ணன் எழுந்து டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பிறகு, "அப்போ அன்னைக்கெல்லாம் ஒயர் ஆடலையா?" என்றான்.

"ஒரு தடவைகூட ஆடலை."

தலையைச் சொறிந்துகொண்டான். எப்படித் தாண்டினாய், எனக்கும் சொல்லிக்கொடு என்று கெஞ்சாத குறையாகக் கேட்டான்.

"டிவிக்குப் பின்னாடி போய், சுவத்தைப் பாத்து நில்லு. நான் ஆடுறேன், நீ காதை வச்சுக் கேளு."

எழுந்து போய் நின்றான். நான் காலை நீட்டி உட்கார்ந்து, எந்த அவசரமும் இல்லாமல், முதல் சுரங்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.