புல் இல்லாத மூன்று வரிசைகள்

ஜெர்வேயை நான் மன்னிக்கப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிரான்சில், மார்ன் ஆற்றுச் சரிவில் அவன் திராட்சைக் கொடிகளும் என் கொடிகளும் ஒட்டியே நிற்கின்றன. நடுவில் வேலி கிடையாது. காலடியில் ஒரு எல்லைக் கல், அவ்வளவுதான். ஒன்பது வருடமாக நான் களைக்கொல்லியைத் தொட்டதில்லை. வரிசைகளுக்கு நடுவே புல் வளர்த்து, மண்ணை உயிரோடு வைத்து, அதற்கென்று சான்றிதழும் வாங்கினேன். அது இருந்தால்தான் ஷாம்பெயின் நிறுவனம் என் திராட்சையை எடுக்கும். ஜெர்வேயின் நிலமோ மருந்தடித்து மருந்தடித்து மொட்டைத் தலை.

"உன் புல் விதையெல்லாம் பறந்து வந்து என் நிலத்துல விழுது, கிளோதில்த்! நீ திராட்சை வளக்கிறியா, ஆடு மேய்க்கிறியா?" என்று ஊர்க் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தவன் அவன்.

ஜூன் மாதம் அக்காவை அடக்கம் செய்ய இரண்டு நாள் வெளியூர் போயிருந்தேன். திரும்பிய சில நாட்களில், அவன் எல்லையோரமாக என் மூன்று வரிசைகளில் மட்டும் புல் மஞ்சளடித்துக் கருகியது. படுபாவி! சாவு வீட்டுக்குப் போன நேரம் பார்த்து அடித்திருக்கிறான்.

சான்றிதழ் தணிக்கைக்கு வந்த பெண் மண்ணைக் கிளறிப் பார்த்தாள். "வேற யாரோ அடிச்சாங்கன்னா அறுவடைக்குள்ள ஆதாரம் குடுங்க. இல்லைன்னா சான்றிதழ் போயிடும்" என்றாள்.

ஜெர்வேயிடம் போய்க் கேட்டேன். "வெயில்ல காஞ்சிருக்கும்மா" என்றான், வாய் கூசாமல். அந்த மூன்று வரிசைகளில் நான் மறுபடி எதுவும் விதைக்கவில்லை. கருகியது கருகியபடியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் எங்கள் ஊருக்கு அறுவடை நாள் குறித்தார்கள். அன்று காலை என் ஆட்களோடு சரிவில் ஏறினால், ஜெர்வேயின் ஆட்கள் அந்த மூன்று வரிசைகளிலும் குனிந்து குலை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்! எல்லோரும் போலந்திலிருந்து வந்த புது ஆட்கள். என் மேஸ்திரி கத்தப் போனான். "வாயை மூடு. எல்லாரும் உக்காந்து காபி குடிங்க" என்றேன். சிரிப்பை அடக்கத்தான் கஷ்டமாக இருந்தது.

பெட்டிகள் நிரம்பி, திராட்சை பிழியும் ஆலைக்குப் போயின. பின்னாலேயே போனேன். எந்த நிலத்துக் குலை என்று எழுதாமல் எங்கள் ஊரில் எடை போட மாட்டார்கள். ஆலைக்கார எவ்ரார் பேனாவை எடுத்தார். வாசலில் இருபது பேர் வரிசையில் நின்றார்கள்.

"அதை என் பேர்ல எழுதுங்க. என் மூணு வரிசையில வெட்டினது" என்றேன்.

ஜெர்வேக்கு முகம் வெளுத்தது. தன் மேஸ்திரி போக்தானைப் பார்த்துப் பாய்ந்தான். "முட்டாள்! அங்க ஏன்யா போனே?"

"நீங்கதானே சொன்னீங்க? புல் இருந்தா அந்தம்மாவோடது, மொட்டையா இருந்தா நம்மோடதுன்னு. மொட்டையாத்தான் இருந்துச்சு."

எவ்ரார் பேனாவைக் கீழே வைத்தார். "கிளோதில்த் நிலத்துல மொட்டையா? ஒம்பது வருஷமா புல் வளக்கிறாளே! உன் எல்லையோரத்துல மட்டும் அது எங்க போச்சு, ஜெர்வே?"

வரிசையில் யாரோ தூ என்று துப்பினார்கள்.

"ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றேன். "தெரிஞ்சே என் குலையை வெட்டச் சொன்னியா? அப்ப போலீஸ் வரட்டும். இல்ல, என் புல்லுக்கு மருந்தடிச்சியா? அப்ப எழுதிக் குடு."

"பேசித் தீத்துக்கலாமே…" என்று இழுத்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் அவனுடைய சொந்தப் பெட்டிகள் காத்துக் கிடந்தன. தோல் நசுங்கிச் சாறு சிவந்தால் ஷாம்பெயினுக்கு ஆகாது, அத்தனையும் வீண். அது அவனுக்கும் தெரியும்.

எவ்ராரிடம் காகிதம் வாங்கி எழுதினான். 'தவறுதலாக மருந்து பட்டுவிட்டது.' வாங்கிப் படித்தேன். நாலாகக் கிழித்து அவன் காலடியில் போட்டேன்.

"நான் அக்காவைப் புதைக்கப் போன நாள்ல, வேணும்னே அடிச்சேன்னு எழுது."

எழுதிக் கையெழுத்துப் போட்டான். எவ்ரார் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் இனி எங்கேயும் போகாது.

"இப்ப மனசு குளுந்துச்சா?" என்றான் ஜெர்வே, தலையைத் தூக்காமல்.

"இன்னும் இல்ல. சத்தமா வாசி."

வாசித்தான். 'வேண்டுமென்றே' என்ற இடம் வந்ததும் குரல் அமுங்கிப் போனது.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல, மறுபடியும் வாசி" என்றேன்.